மீன் ஏறும் வழியை மறித்த வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக விரிவாக்கப்பட்டது)



ஆறு யாருக்குச் சொந்தம்? கருத்தரங்க மேடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் உடனே பல கைகள் உயரும். அரசாங்கத்துக்கு என்பார் ஒருவர். குழாயைத் திறந்து குடிக்கும் நமக்கு என்பார் இன்னொருவர். தோட்டத்துக்கு, தொழிற்சாலைக்கு, பக்கத்து நாட்டுக்கு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் மீனின் பெயர் மட்டும் வராது. ஆற்றை விட்டால் வேறு போக்கிடமே இல்லாத அந்த உயிருக்கு ஆற்றில் என்ன உரிமை இருக்கிறது? மீன் மேலே ஏறவும் கீழே இறங்கவும் இருந்த வழியை நாம் எப்போது மறித்தோம்? மறித்த வழியை மீண்டும் திறக்க முடியுமா?

நான் மீனியல் படித்தவள் அல்ல. தகவல் சாதனத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியோடு ஊர் ஊராகச் செல்லும் அறிவிப்பாளர். ஆனால், இந்தக் கேள்விக்குரிய பதில் விஞ்ஞானக் கூடத்தில் மட்டும் இல்லை, வரலாற்றிலும் இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை ஜொகூரில் நம் பண்டார் தெங்காராவில் இருக்கிறது. மறுமுனை நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்த காவிரிக் கரையில் இருக்கிறது.

*ஆறே முகவரியாக இருந்த காலம்*

தெங்காரா என்றால் மலாய் மொழியில் தென்கிழக்கு. 1972-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், காட்டைத் திருத்தி, செம்பனை பயிரிட்டு, புதுநகரங்களை எழுப்பியது. பண்டார் தெங்காரா அவற்றுள் ஒன்று. இந்த வட்டாரத்தில் ஓடும் சாயோங் ஆறும் லிங்கியு ஆறும் கலந்துதான் ஜொகூர் ஆறு உருவாகிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு கோத்தா திங்கி வழியாக இறங்கி, ஜொகூர் நீரிணையில் கடலைத் தொடுகிறது.

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு பாலம். இரண்டு விநாடியில் கடந்துவிடும் பழுப்பு நிறத் தண்ணீர். ஆனால், ஒரு காலத்தில் ஜொகூர் மாநிலத்தின் முகவரியே ஆறுதான். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் வீழ்ந்த பிறகு, அதன் அரச வம்சத்தார் இந்த ஆற்றங்கரையில்தான் புதிய அரசை நிறுவினார்கள். அவர்களின் தலைநகரான ஜொகூர் லாமாவை 1587-இல் போர்த்துக்கீசியர் அழித்தார்கள். கப்பல்கள் இந்த ஆற்றில் ஏறித்தான் வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் கேம்பியரும் மிளகும் பயிரிட வந்தபோது, நிலத்தை ஏக்கர் கணக்கில் கொடுக்கவில்லை. ஆற்றுக் கணக்கில் கொடுத்தார்கள். 1844 முதல் வழங்கப்பட்ட அந்த அனுமதிப் பத்திரத்தின் பெயரே 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம். ஓர் ஆறு, அதற்கு ஒரு தலைவர் என்பதுதான் 'கங்சு' முறை. 1909-இல் இரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1917-இல் கங்சு முறை ஒழிக்கப்பட்டது. சாலையும் தண்டவாளமும் வந்தபின் ஊர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டத் தொடங்கின. வாசலாக இருந்த ஆறு கொல்லைப்புறமானது.

பிறகு ரப்பர் வந்தது. அதன் பின் செம்பனை வந்தது. இரண்டுக்குமே வேரடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. மழைநீர் வேகமாக வெளியேற வேண்டும். ஆகவே, வளைந்து நெளிந்து ஓடிய சிற்றோடைகள் பல நேர்க்கோட்டுக் கால்வாய்களாக வெட்டப்பட்டன. 1932-இல் உருவான அரசாங்க இலாகாவுக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகா என்று பெயர் வைத்தார்கள். ஒன்று, தண்ணீரை வெளியேற்ற வேண்டும்; அல்லது வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். ஆற்றைப் பற்றி அந்நாளில் இருந்த எண்ணம் அந்தப் பெயரிலேயே அடங்கிவிட்டது.

*வளைவில் என்ன இருக்கிறது?*

நேராக ஓடினால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில் வேகமான நீரோட்டம் அடிமண்ணை அரித்து மடுவை உண்டாக்கும். உட்பக்கத்தில் மணல்திட்டு சேரும். இரண்டு மடுக்களுக்கு இடையில் கல்லும் சரளையுமாக ஆழமற்ற ஓட்டம் இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் பெரிய மீன்கள் மடுவில் பதுங்கும். சரளையில் காற்று கலந்த நீரில் முட்டைகள் உயிர்பிடிக்கும். கரை மரத்தின் வேரிடுக்கு குஞ்சுகளுக்குத் தொட்டில். அந்த மரம் தரும் நிழலால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். அதிலிருந்து விழும் பழமும் பூச்சியும் மீனுக்கு உணவாகும். நம் நாட்டின் புகழ்பெற்ற கெலா மீன், ஆற்றோரத்து நெராம் மரத்தின் பழங்களைத் தின்று வளர்வது என்பது மீன்பிடிக்கும் அன்பர்களுக்குத் தெரிந்த செய்தி.

அதே ஆற்றை நேராக்கினால் மடு போய்விடும், சரளை போய்விடும், நிழலும் போய்விடும். மிஞ்சுவது ஒரே ஆழமும் ஒரே வேகமும் கொண்ட சாக்கடைதான். தண்ணீர் இருக்கும், மீன் வாழ்வதற்கான வீடு இருக்காது.

வீடு இருந்தால் மட்டும் போதாது, வழியும் வேண்டும். பல மீன்களுக்குப் பிறக்கும் இடம் ஒன்று, வளரும் இடம் வேறு, இனப்பெருக்கம் செய்யும் இடம் மற்றொன்று. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே போகிறது. வேறு சில மீன்கள் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகின்றன. இந்தப் பயணத்தின் நடுவில் சுவர் எழுப்பினால் என்ன நடக்கும் என்பதை நம் மூதாதையர் மண்ணே முன்கூட்டிக் காட்டியது.

*கொள்ளிடத்தில் நடந்த கதை*

ஆற்றை மறித்தால் மீனுக்குக் கேடு என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1215-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தின் 33-ஆவது பிரிவு, தேம்ஸ் முதலான ஆறுகளில் இருந்த மீன்பிடித் தடுப்புகளை அகற்றச் சொன்னது. படகுப் போக்குவரத்துக்கு அவை இடைஞ்சலாக இருந்ததே முக்கியக் காரணம். ஆனாலும், ஆறு என்பது பொதுவழி, அதை யாரும் தம் வசதிக்காக அடைக்கக்கூடாது என்ற கொள்கை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது.

அதே இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர்கள் இந்தியாவில் ஆறுகளின் குறுக்கே கட்டியவை ஏராளம். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடம் ஆற்றில் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். தஞ்சைத் தரணி செழித்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போனது. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. காட்டனை இன்றும் வணங்கும் விவசாயிகள் இருக்கிறார்கள்.

ஆனால், அந்த ஆற்றில் இன்னொரு பயணி இருந்தது. அதன் பெயர் உல்லம் மீன். வங்காளிகள் உயிரைக் கொடுத்து உண்ணும் ஹில்சா அதுதான். நம் சரவாக்கில் விலை உயர்ந்த தெருபோக் மீன் இதன் நெருங்கிய உறவு. கடலில் வளரும் உல்லம், வெள்ளம் புரண்டு வரும் காலத்தில் கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறி, மேல்நீரில் முட்டையிட்டு, மீண்டும் கடலுக்குத் திரும்பும். கீழணை வந்தபிறகு அந்தக் கூட்டம் அணைக்கட்டின் அடியில் வந்து முட்டி நின்றது. ஏற வழியில்லாமல் தேங்கிய மீனைப் பிடிப்பது எளிது. முட்டையிடப் போன தாய்மீன்கள், முட்டையிடுவதற்கு முன்பே கூடைக்குப் போயின.

இதை உற்றுக் கவனித்தவர் பிரான்சிஸ் டே. மதராஸ் இராணுவத்தில் மருத்துவராக வேலை பார்த்தவர்; இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆதாரம். 1873-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, அணைக்கட்டுகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதையும், கீழே தேங்கும் மீன்கள் அழிக்கப்படுவதையும் எடுத்துக்காட்டியது. மீன் கடந்துபோக வழி அமைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இன்றைக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே இது சொல்லப்பட்டுவிட்டது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு கேட்கப்படாமல் போகவில்லை. கீழணையில் மீன் ஏணி அமைக்கப்பட்டது. மீன் ஏணி என்றால் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, ஒவ்வொரு தொட்டியாக மீன் தாவி மேலே செல்லும்படி செய்வது. அங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்த ஏணி ஐரோப்பாவின் சால்மன் மீனை மனத்தில் வைத்து உருவான அமைப்பு. சால்மன் தாவும், அருவியையே தாவிக் கடக்கும். உல்லம் தாவாது! ஏணி இருந்தும் உல்லம் ஏறவில்லை. யாருக்காகக் கட்டுகிறோமோ அவருடைய கால் நீளத்தைக் கேட்காமலே படிக்கட்டு கட்டினால் எப்படியோ, அப்படி ஆயிற்று. 1907-இல் தொடங்கிய மதராஸ் மீன்வளத் துறை, உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் கொள்ளிடத்தில் முயன்றது. ஆற்றில் இயல்பாக நடந்ததை அந்த முயற்சியால் ஈடுகட்ட முடியவில்லை.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. மீனை மேலே அழைத்த வெள்ளமே அதன்பிறகு அணையில் தேங்கி நின்றது. காவிரியில் உல்லம் மீன்வளம் சரிந்தது. கங்கையிலும் இதே கதைதான். அலகாபாத்துக்கும் அப்பால் ஏறிக்கொண்டிருந்த ஹில்சாவை, 1975-இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை பெருமளவுக்குத் தடுத்துவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மலாயாத் தோட்டங்களில் பரவிய நம் முன்னோரில் பலர் இந்தக் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அங்கே விட்டுவந்த கதை, இங்கே நம் காலத்தில் மறுபடியும் நடந்தது.

*லிங்கியு பள்ளத்தாக்கு*

1962-ஆம் ஆண்டின் தண்ணீர் ஒப்பந்தம் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை தண்ணீர் எடுக்கும் உரிமையை அது சிங்கப்பூருக்கு 2061 வரை வழங்கியது. ஆற்றில் எப்போதும் அவ்வளவு தண்ணீர் ஓட வேண்டுமானால் மேலே சேமிப்பு வேண்டும். ஆகவே 1990-இல் மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1990-களின் நடுவில் பண்டார் தெங்காரா வட்டாரத்தில் லிங்கியு அணையும் நீர்த்தேக்கமும் உருவாயின. அணையிலிருந்து திறந்துவிடும் நீர், கீழே கடல்நீர் மேலேறாமல் தள்ளிப் பிடிக்கிறது. 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு வற்றியபோது, எல்லைக்கு இரு பக்கமும் கவலை சூழ்ந்தது.

விலை பற்றிப் பேசினோம், அளவு பற்றிப் பேசினோம், ஆண்டு பற்றிப் பேசினோம். அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கனவே யார் இருந்தார்கள் என்று பேசினோமா?

இருந்தவர்கள் ஜாக்குன் பூர்வகுடி மக்கள். லிங்கியு நீர்ப்பிடிப்புப் பகுதிக்காக எடுக்கப்பட்ட நிலம் 53,273 ஏக்கர். அவர்களுக்குப் பழமரம் முதலானவற்றுக்காகக் கொடுக்கப்பட்ட இழப்பீடு 560,535 வெள்ளி. அடோங் பின் குவாவ் என்பவரும் மற்ற பூர்வகுடியினருமாக 52 பேர் மாநில அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 1996-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 2 கோடியே 65 லட்சம் வெள்ளி இழப்பீடு வழங்கியது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் பூர்வகுடியினரின் நில உரிமைக்கு அடித்தளமிட்ட வழக்கு அது.

அந்தத் தீர்ப்பு எதையெல்லாம் கணக்கில் எடுத்தது தெரியுமா? பரம்பரை நிலம் போனது ஓர் இழப்பு; நினைத்த இடத்துக்குப் போய்வரும் சுதந்திரம் போனது ஓர் இழப்பு; காட்டின் விளைபொருள் போனது ஓர் இழப்பு; பிள்ளை பேரப்பிள்ளைகளின் எதிர்காலப் பிழைப்பு போனது இன்னோர் இழப்பு. மரக்கணக்கு மட்டும் பார்த்த அதிகாரிகளுக்கு, வாழ்க்கையின் கணக்கை நீதிமன்றம் சொல்லிக்கொடுத்தது. வழி மறிக்கப்பட்டால் அது இழப்புதான் என்று மனிதர் விஷயத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம். மீன் விஷயத்தில்?

*உடாங் காலாவின் ரகசியம்*

ஜொகூர் ஆற்றுக்குப் பெருமை சேர்க்கும் ஓர் உயிரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீண்ட நீலக் கால்களை உடைய ஆற்று இறால், உடாங் காலா. கோத்தா திங்கிப் பக்கம் அதற்காகவே தூண்டிலோடு இரவெல்லாம் காத்திருப்பவர்கள் உண்டு. சந்தையில் அதன் விலை கேட்டால் நமக்கு மயக்கம் வரும்.

இந்த இறாலைத் தொட்டியில் வளர்க்கப் பலர் முயன்றும் குஞ்சுகள் செத்துக்கொண்டே இருந்தன. காரணம் புரியவில்லை. 1961-இல் பினாங்கு குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய, ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் நிபுணர் ஷாவ் வென் லிங், அந்த முடிச்சை அவிழ்த்தார். தாய் இறால் நன்னீரில் வாழ்ந்தாலும், பொரித்த குஞ்சுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும்! முட்டை சுமந்த தாய், ஆற்றில் கீழே இறங்கிக் கடல்நீர் கலக்கும் இடத்துக்கு வருகிறது. குஞ்சுகள் அங்கே சில வாரங்கள் வளர்ந்து, பின்னர் ஊர்ந்தும் நீந்தியும் மேலே ஏறுகின்றன. இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்புத் தொழிலுக்கு நம் பினாங்கில் கிடைத்த அந்த விடைதான் வித்து.

அந்த விடையை ஜொகூர் ஆற்றில் வைத்துப் பாருங்கள். கடல்நீர் மேலேறினால் குடிநீர் நிலையத்துக்குச் சிக்கல். அதனால் உப்பைத் தடுக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் தடுப்பணை கட்டும் திட்டமும் வந்தது. பொறியாளருக்கு உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் ஒரு தொல்லை. உடாங் காலாவுக்கு அதுதான் பிரசவ அறை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே எந்தத் தடுப்பணையானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. முட்டை சுமந்த இறால் இறங்கும் மாதத்தில் கதவுகள் எப்படி இயங்கும்? குஞ்சு ஊர்ந்து ஏறச் சரிவான, கரடுமுரடான ஓர் ஓரம் விடப்படுமா? இதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டால் செலவு கொஞ்சம். கட்டியபின் கேட்டால் செலவு பல மடங்கு.

*ஏணி வைத்தால் போதுமா?*

கொள்ளிடத்துப் பாடம் உலகத்துக்கு எட்டவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1994-இல் தாய்லாந்தில், மேகோங் ஆற்றின் துணையாறான மூன் ஆற்றில் பாக் மூன் அணை முடிக்கப்பட்டது. அதிலும் மீன் ஏணி இருந்தது. உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு அந்த ஆற்று வடிநிலத்தில் பதிவான மீன் வகைகள் 265. அணைக்குப் பிறகு மேற்பகுதியில் பதிவானவை 96. ஏணி பயன் தரவில்லை. அங்கும் சால்மனுக்கான படிக்கட்டை மேகோங் கெளுத்திக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆற்றங்கரை மக்கள் ஓயவில்லை. போராடினார்கள். 2001 ஜூன் மாதம் அணையின் கதவுகள் ஓராண்டுக் காலம் முழுமையாகத் திறக்கப்பட்டன. அப்போது கிராமத்து மீனவர்களே நோட்டுப் புத்தகம் எடுத்து, எந்த மீன் எந்த மடுவுக்கு எப்போது வந்தது என்று எழுதி வைத்தார்கள். திரும்பி வந்ததாக அவர்கள் பதிவு செய்த மீன் வகைகள் 156! வழியைத் திறந்தால் மீன் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அமெரிக்காவில் அணையையே இடித்துப் பார்த்துவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில், மீனுக்கு வழியே விடாமல் கட்டப்பட்ட இரண்டு அணைகள் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் சால்மனை மறித்து நின்றன. அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் நெடுங்காலம் குரல் கொடுத்தார்கள். 2011 முதல் 2014 வரை இரண்டும் படிப்படியாக அகற்றப்பட்டன. சால்மன் மீண்டும் மேலே ஏறியது.

புளோரிடாவின் கிஸ்ஸிம்மீ ஆறு மற்றோர் உதாரணம். வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை, 166 கிலோமீட்டர் வளைந்தோடிய ஆற்றை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக்கினார்கள். பறவையும் மீனும் குறைந்தன. பின்னர் 1999-இல் தொடங்கி 2021 வரை, கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரை மீண்டும் ஓடவிட்டார்கள். நேராக்க ஒன்பது ஆண்டுகள். அதில் ஒரு பகுதியை மட்டும் வளைக்க இருபது ஆண்டுகளுக்கும் மேல்! கெடுப்பது எளிது, திருத்துவது கடினம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஆற்றுக்கும் பொருந்தும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் பாலத்தைக் கடந்தால் போதும். சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றி, 2012-இல் மக்களுக்குத் திறந்தார்கள். மீனும் தும்பியும் பறவையும் திரும்பின. நம் ஜொகூர் ஆற்று நீரை வாங்கிக் குடிக்கும் நகரமே, தன் ஆற்றுக்கு வளைவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நிலத்துக்கு அவ்வளவு பஞ்சமுள்ள இடத்தில் முடியுமென்றால், நமக்கு ஏன் முடியாது?

*நம் வாசலில் என்ன செய்யலாம்?*

லிங்கியு அணையை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீரை நம்பி இலட்சக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். ஆனால், பெரிய அணை ஒன்றுதான் மீனை மறிக்கிறது என்று எண்ணுவதும் சரியன்று. பண்டார் தெங்காராவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களில் எத்தனை மண்சாலைகள்! ஒவ்வொரு சாலையும் ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில் சிமெண்டுக் குழாய் போடப்படுகிறது. சில ஆண்டுகளில் குழாயின் கீழ்ப்பக்கத்து மண் அரித்துப்போய், குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தொங்கும். விரல் நீள மீனுக்கு முழங்கால் உயரத் தொங்கலே மேட்டூர் அணைதான்!

இதைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் செலவாகாது. குழாயை மாற்றும்போது அதன் அடிப்பாகம் ஓடையின் தரைக்குக் கீழே புதையும்படி தாழ்த்திப் போட்டால், உள்ளே மண்ணும் கல்லும் படிந்து ஓடை தொடர்ந்து ஓடும். தொங்கும் குழாயை உடனே மாற்ற முடியாவிட்டால், கீழே கற்களை அடுக்கிச் சரிவாக்கினால் மீன் ஏற வழி கிடைக்கும். தோட்ட நிர்வாகங்கள் மனம் வைத்தால் நடக்கும்.

அடுத்தது ஆற்றோரக் காப்பு நிலம். வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஐந்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்குக் கரையின் ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர் விட வேண்டும். அந்த நிலத்தில் கரை மரங்கள் நின்றால் மண் சரியாது, உரம் நேரே தண்ணீரில் கலக்காது, மீனுக்கு நிழலும் உணவும் கிடைக்கும். தண்ணீரின் விளிம்பு வரை செம்பனை நிற்கும் இடங்களில், மறுநடவு வரும் நேரமே கரையைத் திருப்பிக் கொடுக்கச் சரியான நேரம். ஒரு செம்பனையின் பொருளாதார ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மக்களின் பங்கு. சபாவில் 'தாகால்' என்றொரு பழக்கம் இருக்கிறது. கிராமமே கூடி, ஆற்றின் இந்தப் பகுதியில் இத்தனை காலம் மீன் பிடிக்கக்கூடாது என்று முடிவெடுக்கும். மீறினால் அபராதம். 2003-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இதற்கு அங்கீகாரம் அளித்தது. கெலா இனத்து மீன்கள் காலைச் சுற்றி வந்து மொய்க்கும் ஆறுகள் இன்று அங்கே சுற்றுலாத் தலங்களாகிவிட்டன. ஆற்றைக் காப்பவர்களுக்கே அதன் பயனும் கிடைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

நான்காவதாக, கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெரிய அணை போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தேவை. பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் இடமுண்டு. நம்மில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் புரட்டியிருக்கிறோம்? கோவில் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டத் தெரிந்த நாம், ஆற்றுக்காக ஒரு கடிதம் எழுதக்கூடாதா? அப்படிக் கேட்கும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், அந்த ஆற்றின் ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் வைத்திருக்கும் பூர்வகுடி மக்கள். எந்த மீன் எந்த மாதத்தில் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை 1836-இல் கொள்ளிடத்து மீனவரிடம் யாராவது கேட்டிருந்தால், உல்லம் தாவாது என்று அன்றே சொல்லியிருப்பார்.

அணை கட்டியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். பசித்தவனுக்குச் சோறும் தாகத்துக்குத் தண்ணீரும் கொடுக்கத்தான் கட்டினார்கள். குறை எங்கே என்றால், ஒருவரைக் கேட்கவே மறந்துவிட்டார்கள். அந்த மறதிக்குக் கொடுத்த விலையைக் காவிரியும் கங்கையும் மூன் ஆறும் நமக்குச் சொல்லிவிட்டன. லிங்கியு பள்ளத்தாக்கின் ஜாக்குன் மக்கள் நீதிமன்றப் படியேறித் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். மீன் எந்தப் படியும் ஏறாது. அதன் சார்பில் பேச வேண்டியவர்கள், அந்த ஆற்று நீரைத் தினமும் குடிக்கும் நாம்தான்.